அறுபத்தோராவது சிமிழ்

அன்ஸாப் இந்த முறை டோஹாவிலிருந்து ஒரு கோப்பி மெசின் கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசைதான்.

அன்ஸாப் என் கணவர். எழுதும்போது பேரைச் சொல்லிவிடுகிறேன். வாயால் இதுவரை சொன்னதில்லை. "பஸ்லாட வாப்பா" என்றுதான் கூப்பிடுவேன். பஸ்லா எங்கள் மகள், பத்து வயது. அவளுக்கு வாப்பா என்றால் போனுக்குள் வருகிற முகம். அவர் வந்த அன்று கதவருகில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "வாப்பா இவ்வளவு உயரமா?" என்று என் காதில் கேட்டாள்.

சிரிப்பு ஏன் வந்ததென்றால், எங்கள் ஊரான பல்லேபொலையில் வீட்டைச் சுற்றி நிற்பதே கோப்பி மரம்தான். மிளகுக் கொடிக்குப் பக்கத்தில், சாதிக்காய் மரத்தின் நிழலில், யார் நட்டது என்று தெரியாத பதினாறு மரங்கள். அவற்றுக்கு நடுவே வீட்டை வைத்துக்கொண்டு, கடல் தாண்டிக் கோப்பி கொண்டு வருகிற மனிதரை என்னவென்று சொல்வது? கோபம் வந்தது மெசினுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு பெட்டியைப் பார்த்து. அதற்குள் குட்டிக் குட்டி அலுமினியக் கிண்ணங்கள் நெருக்கி அடுக்கியிருந்தன. ஊதா, பொன், பச்சை என்று நிறம் நிறமாக, ஒவ்வொன்றின் வாயும் தகடு ஒட்டி மூடியிருந்தது. அவர் அதை 'பொட்' என்றார். எனக்குக் கண்ணுக்கு இடுகிற சுர்மாச் சிமிழ்தான் ஞாபகம் வந்தது. நான் சிமிழ் என்றே வைத்துக்கொண்டேன்.

"ஒரு பொட்டுல ஒரு கோப்பைக்குத் தூள். மெசினுக்குள்ள போட்டு மூடினா சரி. முடிஞ்சா எறியிறதுதான்," என்றார்.

"எத்தினை இருக்கு?"

"அறுபது."

அவருக்கு லீவும் அறுபது நாள். டிசம்பர் இரண்டாம் திகதி வந்தார், ஜனவரி முப்பது பின்னேரம் பிளைட். மனிதர் தன் லீவை நாள் நாளாகப் பிரித்து, தகடு ஒட்டி, பெட்டியில் அடுக்கிக் கொண்டு வந்திருக்கிறார். நான் எழுந்து போய்ச் சோற்றுப் பானையைச் சத்தமாகக் கழுவினேன்.

எங்களுக்குக் கல்யாணம் முடிந்து பதினான்கு வருடம். அதில் பன்னிரண்டு வருடமாக அவர் டோஹாவில் ஒரு ஹோட்டலின் கோப்பிக் கவுண்டரில் வேலை செய்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வருவார், போவார். நாலு வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை, "போகாம இருக்க ஏலாதா?" என்று கேட்டேன். "ஒரு வருஷம் பொறு," என்றார். அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை. இனி இந்த வாயால் கேட்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ரோசம் அதற்கும் மேலே இருக்கும். ஆனால் ஆசை இரண்டையும் விடப் பெரிது. இந்த மனிதர் திரும்பிப் போகக்கூடாது, அதுவும் நான் கேட்காமலே அவராக நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

விடியற்காலைகள் அழகாக இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். சுபஹு தொழுதுவிட்டு அவர் கோப்பி போடக் குசினிக்குப் போவார். வெளியே மூடுபனி. மரங்களுக்கு அடிமரம் இருக்காது, தலை மட்டும் வெள்ளையில் மிதக்கும். மெசின் மெல்ல உறுமும். பிறகு கறுப்பு நூல் ஒன்று கோப்பைக்குள் இறங்கும், அதன் மேலே தேன் நிறத்தில் நுரை படியும். நான் தொழுத முசல்லாப் பாயை மடிக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பேன். வாசம் அறைக்குள் வரும். குசினியில் ஒரு ஆள் நடக்கிற சத்தம், கோப்பை வைக்கிற சத்தம், செருமல். எழும்பிவிட்டேனா, இன்னும் கனவிலா என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. கண்ணைத் திறந்தால் எல்லாம் கலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கும்.

"நீயும் ஒண்ணு குடியன்," என்பார்.

"எனக்குக் காய்ச்சல் இல்ல," என்பேன்.

எங்கள் பக்கத்தில் கோப்பி என்றால் தடிமன் காய்ச்சலுக்குக் குடிக்கிற சாமான். கொத்தமல்லி, வேர்க்கொம்பு, நாலு மிளகு எல்லாம் சேர்த்து வறுத்து, மாவாக இடித்துப் போத்தலில் வைப்போம். சுகமாக இருக்கும் ஆள் கோப்பி குடித்தால் என்ன வருத்தம் என்று கேட்பார்கள். ஆனால் நான் வேண்டாம் என்றதற்கு உண்மையான காரணம் வேறு. நான் ஒன்று குடித்தால் பெட்டியில் ஒரு நாள் குறையும்.

வெறும் சிமிழ்களைப் பஸ்லா எறிய விடவில்லை. கழுவிக் குசினி ஜன்னலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். வெயில் ஏறும்போது ஊதாவும் பொன்னும் சுவரில் நிழலாக விழும். அவள் அதன் அழகைப் பார்த்தாள். எனக்கு அது கலண்டர். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று வரிசை நீள நீள எனக்குச் சோறு இறங்காமல் போனது.

பதினேழாம் நாள் போனில் ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒரு பெண், முகம் தெரியவில்லை, கை மட்டும்தான். சில்வரில் செய்த ஒரு சிமிழுக்குள் கோப்பித் தூளைப் போட்டு, மூடியைப் பூட்டி, மெசினுக்குள் வைத்தாள். குடித்த பிறகு திறந்து, தூளைத் தட்டி, கழுவி, மறுபடியும் நிரப்பினாள். மறுபடியும், மறுபடியும். நான் அந்த வீடியோவை ஏழெட்டுத் தடவை பார்த்தேன். முடியாத சிமிழ். சிமிழ் முடியாவிட்டால் நாளும் முடியாது என்று என் மனதுக்குள் ஒன்று சொன்னது. பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஓடர் பண்ணினேன்.

கொரியர்காரர் பல்லேபொலைக்கு வரமாட்டேன் என்றார். மாத்தளை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் கொடுத்து வைத்தார். தையல் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். திரும்பி வரும்போது அந்தச் சின்னப் பார்சலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே வயலும் பாக்கு மரமும் ஓடின. வெயிலில் கண் சொருகியது. யாரும் எங்கும் போகாத ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் நம்பினேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், அரை மைல் நடந்து வந்தேன்.

அடுத்த நாள் காலையில் அவருக்கு முந்தி நான் குசினிக்குப் போனேன். சில்வர் சிமிழைத் திறந்து, அலுமாரியில் இருந்த எங்கள் கோப்பிப் போத்தலிலிருந்து தூளை அள்ளி, அரிசி அளப்பது மாதிரி கும்பமாக நிரப்பி, மூடியை அமத்தி மெசினுக்குள் தள்ளினேன். பட்டனை அழுத்தினேன். மெசின் உறுமியது. பிறகு முனகியது. பிறகு பிரசவ வலி வந்த மாடு மாதிரி ஒரு சத்தம் போட்டது. கோப்பைக்குள் ஏழெட்டுச் சொட்டு விழுந்து நின்றுவிட்டது.

சத்தம் கேட்டு அவர் ஓடி வந்தார். கோப்பையை எடுத்து மணந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த ஏழெட்டுச் சொட்டையும் மரியாதையாகக் குடித்தார்.

"எப்பிடி?" என்று கேட்டேன்.

"காய்ச்சல் இருந்தா நல்லா இருக்கும்," என்றார்.

பஸ்லா விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். வந்து இருபது நாளில் அவர் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முயன்று, முடியாமல் சிரித்தேன்.

அவர் சிமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வாங்கினே இத?"

"கழுவிக் கழுவிப் பாவிக்கலாமாம். எறியத் தேவையில்ல," என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

"மல்லி போட்ட தூள் மா மாதிரி. தண்ணி போக வழியில்ல. வெறும் கோப்பிக் கொட்டை இருக்கா?"

வெறும் கோப்பிக் கொட்டை பரணில் இருந்தது, போன வருடம் காயவைத்து மூட்டை கட்டியது. அன்றைக்கே இறக்கி, மண்சட்டியில் வறுத்து, இடித்து, ருசி பார்க்க மெசின் இல்லாமல் வெந்நீரில் ஒரு கோப்பை போட்டுப் பார்த்தார். ஒரு வாய் குடித்ததும் புருவம் மேலே போனது.

"இதுல கராம்பு போட்டியா?"

"இல்ல."

"கராம்பு வாசம் வருது, மஸீஹா."

நான் யோசித்துப் பார்த்தேன். போன வருடம் கராம்பையும் கோப்பியையும் முற்றத்தில் விரிக்கிற ஒரே படங்கில்தான் காயவைத்தேன். ஒரு பக்கம் கராம்பு, மறு பக்கம் கோப்பி. மழை வந்தால் இரண்டையும் சேர்த்துச் சுருட்டி உள்ளே இழுத்துவிடுவேன். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவர் கேட்ட விதம் எனக்குச் சுருக்கென்றது.

"வீட்டுல இருக்கிறது ஒரு படங்கு," என்றேன். "மழை வந்தா தூக்க இருக்கிறதும் ஒரு ஆள்."

அவர் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனார். சொல்லியிருக்கக்கூடாது என்று நினைத்தேன். சொன்னது நல்லது என்றும் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோப்பி மரத்துக்குக் கீழே நின்றார். சிவந்த பழமாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பஸ்லா கூடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குத் தனித்தனியாக ஞாபகம் இல்லை. ஒரே நீளமான பின்னேரம் மாதிரி இருக்கிறது. பழத்தைப் பிதுக்கித் தோலை எடுத்தோம். கொட்டையை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, வழுவழுப்புப் போகும்வரை கழுவினோம். அவர் மாத்தளைக்குப் போய்ப் புதுப் படங்கு ஒன்று வாங்கி வந்து, "இது கோப்பிக்கு மட்டும்," என்று விரித்தார். பன்னிரண்டு நாள் வெயிலில் கிடந்தது. மூன்று பேரும் மாறி மாறிக் கிளறினோம். மழை இருட்டினால் பஸ்லா ஒரு முனை, அவர் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்படி ஓடும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வரும், உடனே பின்னாலேயே ஒரு பயம் வரும். இடையில் காலைக்கு அவர் பெட்டிச் சிமிழைத்தான் குடித்தார். ஜன்னலில் வரிசை நீண்டுகொண்டே போனது.

முப்பத்தெட்டாம் நாள் வறுத்தார். விறகு அடுப்பில் மண்சட்டி, கையில் சிரட்டை அகப்பை. கொட்டை படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சட்டியை இறக்கிச் சுளகில் கொட்டி, விசிறினார். நான் உடனே இடிக்க உலக்கையை எடுத்தேன்.

"பொறு," என்றார். "இப்ப இடிச்சா ஆகாது. வறுத்த கொட்டைக்குள்ள காத்து இருக்கும். அது போகணும். டின்னுல போட்டு அஞ்சு நாளாவது வைக்கணும். ஏழு நாள் வச்சா இன்னும் நல்லம்."

"ஏழு நாளா?"

"அவசரப்பட்டா நுரைதான் வரும், ருசி வராது."

ஏழு நாள் என்று அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். என்னிடம் மொத்தமாக மீதி இருந்ததே இருபத்திரண்டு நாள்.

ஏழு நாள் கழித்து உரலில் இடித்தோம். அதுவும் சரிவரவில்லை. உரலில் இடித்தால் பாதி தூசியாகிறது, பாதி குறுணியாக நிற்கிறது. தூசி சிமிழை அடைத்தது. குறுணியைப் போட்டால் தண்ணீர் கடகடவென்று ஓடி, கோப்பைக்குள் பழுப்புத் தண்ணீர்தான் வந்தது. அவர் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். "அங்க அரைக்கிறதுக்கே ஒரு மெசின் இருக்கு. எல்லாம் ஒரே அளவா வரும். இங்க அதுக்கு எங்க போறது?"

அங்க என்ற சொல் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. அங்கே இருக்கிற எதுவும் இங்கே இல்லாமல் போகக்கூடாது என்று எனக்கு வீம்பு வந்தது. அரிதட்டு இரண்டையும் எடுத்து வந்தேன். அரிசி மா அரிக்கிற பெரிய கண் அரிதட்டு ஒன்று, கோதுமை மா அரிக்கிற நுண்ணிய கண் அரிதட்டு ஒன்று. பெரிய கண்ணில் அரித்தால் குறுணி மேலே நின்றது. கீழே விழுந்ததை நுண்ணிய கண்ணில் போட்டு அரித்தேன். தூசி கீழே போய்விட்டது. மேலே நின்றதை விரலால் தொட்டுப் பார்த்தேன், ஆற்று மணல் மாதிரி இருந்தது. குறுணி திரும்ப உரலுக்குப் போனது. தூசி காய்ச்சல் போத்தலுக்குப் போனது.

அவர் அந்த மணலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார். வெகுநேரம் உருட்டினார். "பன்னெண்டு வருஷமா இந்த வேலைக்குத்தான் சம்பளம் வாங்குறேன்," என்றார். "இடியப்ப அரிதட்டுல செய்யலாம்னு எனக்குத் தெரியாமப் போச்சு." எனக்கு உச்சி குளிர்ந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நாற்பத்தாறாம் நாள் காலை. அவர் முதலில் வெறும் சிமிழைப் போட்டு வெந்நீர் ஓடவிட்டார், சிமிழும் கோப்பையும் சூடாகட்டும் என்று. துடைத்தார். தூளைப் போட்டு விரலால் வழித்துச் சமப்படுத்தினார். என் சுர்மாக் குப்பியின் தட்டையான அடி அதன் வாய்க்குள் சரியாக இறங்கியது. அந்த அடியால் தூளை மெதுவாக, நேராக அமத்தினார். விளிம்பில் ஒட்டியிருந்த இரண்டு துகளையும் துடைத்தார். "இதுல ஒண்ணு இருந்தாலும் மூடி சரியா மூடாது," என்றார். பூட்டினார். "பஸ்லா, எண்ணு," என்றார்.

பஸ்லா எண்ணத் தொடங்கினாள். ஏழு வரைக்கும் ஒன்றும் வரவில்லை. எட்டில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு நூல் இறங்கியது, எலிவால் அளவு, அறாமல், ஆடாமல். இருபத்தைந்தில் நிறுத்தினார். நுரை பெட்டிச் சிமிழின் நுரையை விடத் தடிப்பாக, பனங்கட்டி நிறத்தில் நின்றது. வெளியே பனி ஜன்னல் வரைக்கும் வந்திருந்தது. குசினிக்குள் நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னக் கோப்பையும் மட்டும் இருந்தோம். வெளியே ஊர் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

அவர் குடித்தார். கண்ணை மூடினார். "இது அங்க கிடைக்காது," என்றார்.

அந்த ஒரு வசனத்தை நான் அன்று முழுக்க வாய்க்குள் கற்கண்டு மாதிரி வைத்திருந்தேன். ஆனால் மனிதர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

அன்றிலிருந்து பெட்டிச் சிமிழை யாரும் தொடவில்லை. ஜன்னலில் வரிசை நாற்பத்தைந்தில் நின்றது. பெட்டியில் பதினைந்து மீதி இருந்தது. பஸ்லாகூடக் கேட்டாள், "உம்மா, இனி இது வளராதா?" என்று. வளராது என்றேன். என் பைத்தியக்காரத்தனம் பலித்த மாதிரி இருந்தது. ஆனால் நாள் நிற்கவில்லை. நாற்பத்தெட்டு, ஐம்பது என்று அது பாட்டுக்குப் போனது, எண்ணுவதற்கு ஒரு சிமிழும் இல்லாமல்.

ஐம்பத்திரண்டாம் நாள் நாவுலையில் இருக்கிற கூட்டாளி கலந்தரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு பஸ் மாறிப் போனார். போகும்போது ஒரு டின் கோப்பியும் அந்தச் சிமிழும் எடுத்துக்கொண்டு போனார். கலந்தருக்குக் காட்டவாம். ஊரெல்லாம் பிரியாவிடை சொல்லத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். மிளகாய் வெட்டுகிற சாட்டில் அழுதேன்.

ஐம்பத்தேழாம் நாள் ஒரு பெரிய சட்டி கொட்டை வறுத்தார். ஆறவிட்டு, பால்மா டின்னில் போட்டு, மூடியில் கறுப்புப் பேனையால் ஏதோ எழுதி அலுமாரிக்கு மேல் வைத்தார். அவர் அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போன பிறகு கதிரை போட்டு ஏறிப் பார்த்தேன். 'பெப்ரவரி 3' என்று எழுதியிருந்தது.

ஏழு நாள் கணக்கு. சரியாகத்தான் எழுதியிருந்தார். ஜனவரி முப்பது பிளைட் ஏறுகிற மனிதர், பெப்ரவரி மூன்றாம் திகதி திறக்கிற டின்னை வைத்துவிட்டுப் போகிறார். கோப்பி குடிக்காத பெண்சாதிக்கு. டின்னை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினேன். அவருடைய அன்பு இவ்வளவுதான், ஒரு டின்னுக்குள் அடங்குகிற அளவுதான் என்று தோன்றியது. இரண்டு நாள் அவரோடு தேவைக்கு மட்டும் பேசினேன். அவருடைய பேக்கை எடுத்து, நானே உடுப்பு அடுக்கினேன். சில்வர் சிமிழைக் கழுவித் துடைத்து, ஒரு காலுறைக்குள் போட்டு, உடுப்புக்கு நடுவில் வைத்தேன். இங்கே அது எதற்கு? கொண்டு போகட்டும். அங்கே தினமும் கழுவட்டும், கழுவும்போதாவது நினைக்கட்டும்.

ஐம்பத்தொன்பதாம் நாள் காலையில் அவர் குசினியில் எல்லாவற்றையும் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"மஸீஹா, சிமிழ் எங்க?"

அவரும் சிமிழ் என்றுதான் சொல்லத் தொடங்கியிருந்தார்.

"பேக்குல," என்றேன்.

"எந்த பேக்குல?"

"உங்கட பேக்குலதான். அங்க போய்ப் பாவிங்க."

அவர் குசினி வாசலில் வந்து நின்றார். கையில் வெறும் கோப்பை. "அங்க என்னத்துக்கு?"

"அங்கதானே கோப்பி குடிக்கப் போறீங்க."

"டின்னுல திகதி எழுதி வச்சேனே. பாக்கல்லயா?"

"பாத்தேன். நல்லாப் பாத்தேன்." எனக்குக் குரல் ஏறிவிட்டது. "நீங்க போனதுக்குப் பொறகு தொறக்கிறதுக்குக் கோப்பி வறுத்து வச்சிருக்கீங்க. நான் கோப்பி குடிக்கிறதில்லன்னு தெரியாதா? அது யாருக்கு?"

"எனக்குத்தான்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. அவர் கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் கோப்பி மரங்களைப் பார்த்துச் சொன்னார்.

"நாவுலைக்குப் போனது கலந்தரப் பாக்க மட்டுமில்ல. அங்க ரோட்டோரம் ஒரு ஹோட்டல் இருக்கு. வெள்ளக்காரங்க வந்து தங்குறது. கோப்பிக்கு ஆள் தேடுறதாக் கலந்தர் சொன்னான். அங்க இருந்த மெசினுல நம்மட கோப்பியப் போட்டுக் குடுத்தேன். அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்க. டோஹாவுல தாறதுல பாதிகூட வராது. காலைல போனா பின்னேரம் வீட்டுக்கு வரலாம். டிக்கட்ட வேணாம்னு சொல்லிட்டேன்."

"எப்ப சொன்னீங்க?"

"டின் வறுத்த அன்டைக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"அதான் டின்னுல எழுதினேனே."

மூன்று நாள். மூன்று நாளாக நான் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பழி போட்டு அழுதிருக்கிறேன், இந்த மனிதர் டின் மூடியில் எழுதினால் சொன்ன மாதிரி என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பன்னிரண்டு வருடத்துக் கணக்கும் அதில் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. மறைக்கவில்லை. மிளகாயும் கையில் இல்லை. அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டார்.

நான் ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒவ்வொரு சட்டி வறுக்கிற நேரமும், ஏழு நாள் வைக்கணும்னு உனக்குச் சொல்லுவேன். சொல்லும்போது, ஏழு நாளுக்குப் பொறகு குடிக்க நான் இருக்கணுமேன்னு ஒரு யோசனை வரும். கடைசிச் சட்டிக்கு அந்த யோசனை தாங்க ஏலாமப் போச்சு."

அறுபதாம் நாள் பின்னேரம், பிளைட் போகிற நேரத்தில், அவர் பஸ்லாவோடு படங்கைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் அடிக்கடி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை. பல்லேபொலைக்கு மேலே எந்தப் பிளேனும் போகவில்லை.

அடுத்த நாள் விடிய, முசல்லாவில் உட்கார்ந்திருந்தேன். மெசின் உறுமியது. குசினியில் ஆள் நடக்கிற சத்தம், கோப்பை வைக்கிற சத்தம், செருமல். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டேன். பிறகு கண்ணைத் திறந்தேன். எதுவும் கலையவில்லை. எழுந்து, முசல்லாவை மடித்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். பனி விலகிக் கோப்பி மரங்களின் அடிமரம் தெரிந்தது. பெப்ரவரி மூன்றாம் திகதி டின் அலுமாரி மேலே இருந்தது. திறக்க இன்னும் மூன்று நாள், அவசரமில்லை. பழைய டின்னில் மிஞ்சிய தூளைச் சில்வர் சிமிழில் நிரப்பி அவர் எனக்கு முன்னால் ஒரு கோப்பை வைத்தார்.

"எனக்குக் காய்ச்சல் இல்லயே," என்றேன் பேச்சுக்கு.

"தெரியும்," என்றார்.

குடித்தேன். பதினான்கு வருடத்தில் என் புருசன் எனக்குப் போட்டுத் தந்த முதல் கோப்பி. கசந்தது, நன்றாகவே கசந்தது. இன்னொன்று போடச் சொன்னேன்.